நாய்க்கு முதல் பங்கு

நாங்குநேரிப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். ராத்திரி ஆடுகள் அங்கேயே அடைந்து கிடக்கும், காவல் நாயுடையது. அந்தக் கிடைகளுக்கெல்லாம் நான்தான் கால்நடை மருத்துவர். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். நான் வந்தாலே ஆடுகளுக்கு முன்னால் ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

ஒருநாள் செத்துப்போன ஆட்டை அறுத்துப் பார்க்கப் போனேன். வயிற்றைத் திறந்தால் ஈரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நீர்க்கட்டிகள். பக்கத்தில் நின்ற கிடைக்காரர் அந்த ஈரலை எடுத்து நாய்க்கு வீச ஓங்கினார். எந்த ஆட்டை அறுத்தாலும் முதல் பங்கு நாய்க்கு, அதுவும் பச்சையாக. அது அவர்கள் வழக்கம்.

"அண்ணாச்சி, போடாதீய!" என்று கத்தினேன்.

"காவலுக்குக் கிடக்குத சீவன்லா, டாக்டரம்மா? அதுக்குப் போடாம நாங்க வாய் வைக்க மாட்டோம்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் மனைவியைப் பார்த்தேன். ஒரு கை நாயின் கழுத்தில், இன்னொரு கை தன் வலது விலாவுக்குக் கீழே. அந்த அக்காவின் கண் ஈரலை விட்டு அகலவில்லை.

"எனக்கும் ஈரல்லதான் நீர்க்கட்டின்னு ஸ்கேன்ல சொல்லுதாவ. நாளைக்கு ஊசி குத்தி உறிஞ்சி எடுக்கப் போறாவளாம்."

ஈரலில் நீர்க்கட்டி எத்தனையோ காரணத்தால் வரும். ஆனால் இந்த ஆட்டுக்குக் கட்டி வரவைத்த அதே நாய்ப்புழுவாக இருந்து, தெரியாமல் குத்திய ஊசியில் கட்டி கசிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அங்கேயே நின்று அக்காவின் டாக்டரை போனில் பிடித்தேன். "ஆட்டு டாக்டரா?" என்று இழுத்தார். நான் விடவில்லை. கிடையைச் சொன்னேன், நாயைச் சொன்னேன். "ஊசி வேண்டாம். முதலில் ரத்தத்தைப் பார்த்துவிடுவோம்" என்றார்.

ஆட்டின் கட்டியிலிருந்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மணலாக அடியில் படிந்த ஒவ்வொரு துகளும் ஒரு புழுத்தலை. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வட்டமாகக் கொக்கிகள். படித்த பாடம்தான், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நாயின் குடலில் அரிசி நீளமே உள்ள புழு. அதன் முட்டை நாயின் கழிவோடு புல்லுக்குப் போகிறது, புல்லோடு ஆட்டுக்குப் போகிறது. ஈரலில் கட்டியாகி, யாராவது அதை நாய்க்குப் போடும்வரை வருடக்கணக்கில் காத்திருக்கிறது. நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்டை, தடவிக்கொடுத்த கையோடு சோற்றுக்கும் வரும்.

அக்காவின் ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அறுவை சிகிச்சையில் உடையாமல் எடுத்த கட்டியை என்னிடம் காட்டினார்கள். அவித்து உரித்த முட்டை மாதிரி இருந்தது. ஆட்டில் பார்த்ததேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் புழு அக்காவையும் ஓர் ஆடு என்றே நினைத்து, என்றைக்குமே வராத நாய்க்காகக் கொக்கிகளைத் தயாராக வைத்திருந்தது. பயமாக இருந்தது. கும்பிடவும் தோன்றியது.

கண் விழித்ததும் அக்கா கேட்டது, "நாய என்ன செஞ்சிய?"

"பூச்சி மருந்து கொடுத்தாச்சு. இனி கெட்ட ஈரலைப் புதைச்சிருங்க. நல்லதையும் வேகவச்சுத்தான் போடணும்."

அடுத்த வருடம் கிடையில் எனக்கு விருந்து. அறுத்த ஆட்டின் குடலைக் குழி தோண்டிப் புதைத்திருந்தார்கள். பானையிலிருந்து முதல் ஈரல் துண்டை எடுத்து இலையில் வைத்தார் அக்கா. ஆவி பறந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாயும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

ஈரல் ஆறி, நாய் வாய் வைக்கும்வரை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.