வளைவில் இருபத்தெட்டு வாகன்கள்

திபேரியுவுக்குத் தொழில் பல் செட் செய்வது. பிராஷோவ் நகரத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அவர் செதுக்கிய பற்களால்தான் ரொட்டியை மெல்கிறார்கள். ஆனால் யாராவது அவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், சரக்கு ரயில் படம் எடுக்கிறேன் என்றுதான் சொல்வார். அதில் என்ன வருகிறது என்று கேட்டால், மேகம் வருகிறது என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக அவர் ஒரே ஒரு படத்துக்காக அலைகிறார். பிரெதியால் மலைக்கு ஏறும் பாதையில், ஸ்தான்கா என்கிற குட்டி ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒரு பெரிய வளைவு. துறைமுகத்துக்குக் கோதுமை கொண்டுபோகும் நீளச் சரக்கு ரயிலுக்கு அந்த ஏற்றத்தில் முன்னால் இரண்டு எஞ்சின், பின்னால் தள்ளிவிட ஒன்று. மூன்று எஞ்சினும், நடுவில் அத்தனை வாகனும், அதாவது சரக்குப் பெட்டியும், பின்னணியில் பியாத்ரா மாரே மலையும் ஒரே படத்தில் விழ வேண்டும். வெயில் வேண்டும். அக்டோபரில் காலை பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே கால் வரை மட்டும்தான் வெயில் அந்த வளைவுக்கு வந்து போகும். ஒரு வருஷம் மேகம். ஒரு வருஷம் பின் எஞ்சின் பழுது. ஒரு வருஷம் எல்லாம் கூடி வந்தது. கேமராவில் கார்டு போட மறந்திருந்தார். அந்த வருஷத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று சில சட்டங்கள் உண்டு. முதலில் வந்தவன் முன்னால் நிற்பான், அடுத்து வந்தவன் அவன் முதுகுக்குப் பின்னால். வணக்கம் சொல்லலாம், ஆனால் தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல வேண்டும். மிக முக்கியமாக, படத்தில் மனுஷ வாடையே இருக்கக் கூடாது. டிரைவரைத் தவிர ஒரு தலை தெரிந்தாலும் அந்தப் படம் செத்தது. திபேரியுவிடம் நாற்பதாயிரம் படங்கள் இருக்கின்றன. அவர் மனைவி அக்லயா அதில் ஒன்றில்கூட இல்லை. கல்யாணப் படம்கூட ஸ்டேஷன் வாசலில் எடுத்ததுதான். அதிலும் அவள் தலைக்குப் பின்னால் போன ரயில்தான் தெளிவாக விழுந்திருக்கிறது என்பது அவளுடைய குற்றச்சாட்டு.

இந்த வருஷம் இன்னொரு இடி. வளைவின் ஓரமாக, மேலே உள்ள விடுதிகளுக்கு ரயில் சத்தம் கேட்காமலிருக்க இரண்டு ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். அதற்கு முன் சரக்கு ரயில் ஓடுகிற கடைசி நாள் சனிக்கிழமை. அதை விட்டால் பதினோரு வருஷமும் சுவருக்குப் பின்னால் போய்விடும்.

சரக்கு ரயிலுக்குக் கால அட்டவணை கிடையாது. வெத்தூரியாதான் அவருக்கு அட்டவணை. ஸ்தான்கா ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, போகிற ரயிலுக்கெல்லாம் கொடிக்குப் பதிலாகப் பச்சைத் தட்டு காட்டி வழியனுப்புகிற அதிகாரி அவள். அவளுக்குக் காபியும் கேக்கும் வாங்கிக் கொடுத்தே திபேரியு எந்த ரயில் எப்போது கிளம்புகிறது என்பதைத் தெரிந்துகொள்வார். புதன்கிழமையும் போனார். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை வண்டியை ஓட்டப்போவது ஸஹாரியா என்று தெரிந்ததும் புலம்ப ஆரம்பித்தார். பின்னாலிருந்து நாய் துரத்துகிற மாதிரி ஓட்டுகிறான், இரண்டு தடவை பட்டனை அமுக்குவதற்குள் வால் போய்விடுகிறது என்று ஒரு பாட்டம்.

"அவன் கொஞ்சம் மெதுவாப் போனா என்ன, குடியா முழுகிடும்?" என்று முடித்தார்.

வெத்தூரியா கேக்கைத் தின்றபடி தலையாட்டினாள். அத்தோடு அவர் அதை மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே திபேரியு வளைவுக்கு வந்துவிட்டார். முக்காலியை நிறுத்தினார். ஒவ்வொரு வசந்தத்திலும் அவரே வெட்டிவிடுகிற முள்ரோஜாப் புதரை இன்னொரு தடவை கத்தரித்தார். கத்தரிக்காய்த் தொக்கு தடவிய ரொட்டியைத் தின்றார். வானம் முழுக்க மேகம். ஒன்பதுக்கு மேகம். பத்துக்கு மேகம். பத்தரைக்கு, யாரோ போர்வையை உருவினாற்போல, மலை பளிச்சென்று வெளியே வந்தது. பத்தே ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"அண்ணே, கிளம்பிட்டான். இருபத்தெட்டு வாகன், அத்தனையும் கோதுமை. பின்னால தள்ளுறவனும் இருக்கான். வானம் எப்படி?"

"வானத்தைப் பத்திப் பேசாதீங்க மேடம், அதுக்குக் கேட்டுடும்."

"உங்களுக்கு இன்னிக்கு ஒரு சந்தோஷம் வெச்சிருக்கேன்" என்று சிரித்துவிட்டு அவள் வைத்துவிட்டாள். என்ன சந்தோஷம் என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

ஸ்டேஷனிலிருந்து வளைவுக்குச் சரக்கு ரயில் ஆறு நிமிஷத்தில் வரும். அது போய் ஐந்து நிமிஷம் கழித்து, பதினொன்று ஒன்றுக்கு, பக்கத்துத் தண்டவாளத்தில் மேலேயிருந்து பாசஞ்சர் இறங்கும். இந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். ஆறு நிமிஷம் ஆனது. வரவில்லை. ஏழு. எட்டு. வெயில் மட்டும் வைத்த கண் வாங்காமல் நின்றது. ஒன்பதாவது நிமிஷம் எஞ்சின் சத்தம் கேட்டது. மாடு மலை ஏறுகிற மாதிரி, நிதானமாக.

வளைவில் முதல் எஞ்சின் தலை காட்டியது. ஆள் ஓடியே முந்திவிடலாம், அந்த வேகம். ஜன்னலில் ஸஹாரியா பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி, நெஞ்சில் ஒரு கை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரை மேல் வருகிறவன்கூட இவ்வளவு அழுத்தமாகப் போஸ் கொடுக்க மாட்டான். வெத்தூரியா வைத்திருந்த சந்தோஷம் எது என்று திபேரியுவுக்கு அப்போது புரிந்தது. வேறொன்றும் புரிந்தது. பின் எஞ்சின் வளைவுக்குள் வர, இந்த வேகத்தில், இன்னும் ஒரு முழு நிமிஷம் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

"போடா, போ" என்று கையை வீசினார். ஸஹாரியா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் மெதுவாக்கினான்.

பத்தொன்பது வாகன் எண்ணினார். இருபது. இருபத்திரண்டு. மேலேயிருந்து பாசஞ்சர் ஊதியது. இருபத்தாறு. பின் எஞ்சினின் மூக்கு எட்டிப் பார்க்கிற நேரத்தில், நாலு நீலப் பெட்டிகள் தடதடவென்று குறுக்கே வந்து கேமராவை மூடின. பழக்கதோஷத்தில் விரல் பட்டனை அமுக்கியது. நீலம். ஒரு ஜன்னலில் ஒரு கை ஆடிக்கொண்டு போனது. பாசஞ்சர் கடந்தபோது முன் எஞ்சின்கள் இரண்டும் வளைவைத் தாண்டியிருந்தன. ஸஹாரியா மட்டும் சந்தோஷமாக மூன்று தடவை ஊதினான்.

போன் வந்தது. படம் எடுக்கிற அண்ணன் பாவம், ஸ்தான்கா வளைவில் கொஞ்சம் மெதுவாகப் போ என்று ஸஹாரியாவிடம் தான்தான் சொன்னதாகவும், அதற்காக அவன் முந்தின நாளே சட்டை துவைத்துப் போட்டதாகவும் வெத்தூரியா விளக்கினாள். அவனுக்குச் சட்டம் போட்டு ஒரு படம் வேண்டுமாம்.

"எப்படி அண்ணே வந்துச்சு?"

திபேரியு பல்லைக் கடித்தார். அவருடையது சொந்தப் பல்.

"பிரமாதமா வந்துச்சு மேடம்."

வீட்டுக்குப் போனபோது அக்லயா அவருக்கு முன்பே வந்து சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். சினாயாவில் இருக்கிற தங்கை வீட்டிலிருந்து அந்தப் பாசஞ்சரில்தான் திரும்பியிருக்கிறாள். ஜன்னலில் ஆடிய கை அவளுடையது. மேலிருந்து இறங்கும்போதே கீழே சரக்கு ரயில் ஊர்ந்து வந்ததைப் பார்த்தாளாம். அதிசயமாக இருந்ததால் போனில் ஒரு படம் எடுத்தாளாம்.

"ஏ மனுசா, நீ பதினோரு வருஷமாத் தேடுற எழவு இதுதானே?"

இதுதான். மூன்று எஞ்சின், இருபத்தெட்டு வாகன், ஒன்றுவிடாமல். மலை, வெயில், ஸஹாரியாவின் சட்டை. வலது மூலையில் இளஞ்சிவப்பாக அவளுடைய கட்டைவிரல். கீழே புதருக்குப் பக்கத்தில், முக்காலியோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு வழுக்கைத் தலை.

திபேரியு நாற்காலியில் உட்கார்ந்தார். விரலையும் அந்த ஆளையும் எடுத்துவிட்டால் ஒரு மாதிரி தேறும் என்றார்.

"ஆளை வேணா எடுத்துக்கோ. விரல்ல கை வெச்சே, தெரியும் சேதி. நாப்பதாயிரம் படத்துல என் விரலாவது ஒண்ணுல இருக்கட்டும்."

அவர் இரண்டையும் எடுக்கவில்லை. எடுக்கத் தெரியாமலில்லை, அந்தப் படத்தைத் தொடவே பிடிக்கவில்லை. திங்கட்கிழமை சுவருக்குக் குழி தோண்டினார்கள். செவ்வாய்க்கிழமை படத்துக்குச் சட்டம் போட்டு, ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனார். வெத்தூரியாவின் அறையில் ஸஹாரியா உட்கார்ந்திருந்தான். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். முதலில் தன்னைப் பார்த்தான். அப்புறம் வாகன்களை எண்ணினான். கடைசியில் புதர் ஓரத்தில் விரலை வைத்தான்.

"அண்ணே, இது நீங்கதானே? அப்ப எடுத்தது யாரு?"

"வீட்டுக்காரி" என்றார் திபேரியு.

ஸஹாரியாவின் முகத்தில் தனி மரியாதை வந்தது. வெத்தூரியா தொப்பியைச் சரிசெய்துகொண்டு படத்தைக் கிட்டே வந்து பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமை உங்க வீட்டு மேடம் படம் எடுக்க வர்றாங்களா அண்ணே?" என்றான் ஸஹாரியா. "சட்டையைத் துவைச்சுப் போடணும்."