நாலாவது சிலிண்டர்

விமானப் பட்டறைக்காரிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஸ்பானரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். நடுநடுவே பாட்டு வேறு. "உடம்பு கொதிக்குதே," என்று நெற்றியைத் தொட்ட கணவரை, "கைய வச்சுச் சொல்றதெல்லாம் ஒரு பேச்சா? கருவி சொல்லட்டும், நம்புறேன்," என்று விரட்டினாள். இன்ஜின் சுடுகிறது என்று எந்த விமானி வந்து நின்றாலும் அவளுடைய பதில் இதுதான்.

அன்றைக்கு ஒரு குட்டி விமானத்துக்கு இன்ஜின் மானிட்டர் பொருத்தும் வேலை. சிலிண்டருக்கு ஒன்றாக நாலு வெப்ப சென்சார்கள். மூன்றாவதை அவள் முறுக்கிக்கொண்டிருந்தபோது, விமானி இருக்கையில் இருந்த கணவர் திரையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"மூணும் இருபத்தாறு டிகிரி காட்டுது. நாலாவது மட்டும் முப்பத்தொன்பது!"

"ஸ்டார்ட்டே பண்ணாத இன்ஜின் எப்படிங்க சுடும்? ஒயரை மாத்திச் சொருகியிருப்பீங்க!"

திட்டிக்கொண்டே நாலாவது ஒயரைப் பிடித்துக்கொண்டு போனாள். அது இன்ஜினைச் சுற்றி வெளியே வந்து, அவளுடைய சட்டைக் கழுத்துக்குள் நுழைந்தது. இரண்டு கையும் வேண்டியிருக்க, சென்சாரைக் கக்கத்தில் இடுக்கியதை மறந்தே போயிருந்தாள்! இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சட்டென்று அவள் நிறுத்தினாள். "புதுக் கருவி. தப்பாக் காட்டுது."

கணவர் இறங்கி வந்து, சென்சாரை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவள் திரையை எட்டிப் பார்த்தாள். முப்பத்தேழு.

"போர்வை எங்கங்க இருக்கு?" என்றாள்.