தலைவரை வெல்லக்கூடிய ஆள்

எங்கள் சங்கத் தலைவருக்கு எதிராக யார் நின்றால் வெல்லலாம் என்று தொழிற்சாலை முழுக்க விசாரித்துத் திரிந்தவள் நான். எழுபதுகளின் பிற்பகுதி. மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம், கார்களுக்கு ஆசன உறை தைக்கிற இடம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த எனக்கு இங்கே கிடைத்தது ஒரு தையல் மெசின். கணவர் இரும்பு வார்க்கும் ஆலையொன்றுக்கு வேலைக்குப் போய், முதல் குளிர்காலத்திலேயே முதுகெலும்பு விலகி வீட்டோடு இருந்துவிட்டார். குனிந்து சப்பாத்துக் கட்டவும் அவரால் ஏலாது.

அதே ஆண்டுதான் ஊரில் தமிழருக்கு எதிரான கலவரம். கொழும்பில் தம்பி இருந்த வீடு எரிந்துபோய், உடுத்த உடுப்போடு கப்பலேறி யாழ்ப்பாணம் போனான். அவனை இங்கே எடுப்பிக்க நாங்கள் குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் அன்பாகத்தான் சொன்னாள்: ஸ்பொன்சர் பண்ணுகிறவருக்கு நிரந்தர வேலை இருக்கவேண்டும். வீட்டில் வேலை இருந்தது எனக்கு மட்டும்தான்.

தையல் பகுதியை மூடப்போகிறார்கள் என்ற கதை அந்த நேரத்தில்தான் வந்தது. சூட் போட்ட இரண்டு பேர் வந்து எங்கள் மெசின்களுக்கு நடுவே தரையை அளந்துகொண்டு போனார்கள். உறைகளை இனி வெளிநாட்டில் தைத்து எடுப்பிப்பார்கள் என்று லொறிக்காரர் ஒருவர் சொன்னார். நாங்கள் எல்லாரும் தலைவரிடம்தான் போனோம். அவர் இங்கேயே பிறந்த மனிதர். பெரிய உடம்பு, தணிந்த குரல். பல வருடமாக அவரே தலைவர். ஒவ்வொரு தேர்தலிலும் போட்டியில்லாமல் வந்துகொண்டிருந்தார்.

"பொறுங்கோ. நான் நிர்வாகத்தோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார்.

எனக்குப் பக்கத்து மெசினில் ஒரு கிரேக்கப் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நூல் அறுந்தால் மெசினைத் தாய்மொழியில் திட்டுவாள். யாராவது அழுதால் தன் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள்தான் ஒருநாள் என்னைப் பெண்களின் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"தேர்தல் வருது. அந்த ஆளை இறக்கவேணும். ஆனா பிழையான ஆளை நிப்பாட்டித் தோத்தமெண்டா எங்கள் எல்லாரையும் துரத்திப்போடுவாங்கள். முதல்ல ஆராலே வெல்லலாம் எண்டு பாக்கவேணும். நீ கேட்டுப் பார்."

"ஏன் நான்?"

"கிரேக்கர் இத்தாலியனுக்குச் சொல்லமாட்டினம். இத்தாலியன் யூகோஸ்லாவியனுக்குச் சொல்லமாட்டான். உன்ர நாட்டிலயிருந்து நீ ஒருத்திதான். நீ ஒருத்தற்ற ஆளும் இல்லை."

கிரேக்கப் பெண் இரண்டு ஆண்களையும் சேர்த்துக்கொள்ள, மூன்று பெயர்களை வைத்துக் கேட்பதாக முடிவாயிற்று. ஒருவர் மெசின் திருத்துகிற இத்தாலியர். மற்றவர் களஞ்சியத்தில் இருந்த ஸ்கொட்லாந்துக்காரர்; நல்ல பேச்சாளர், அது அவருக்கே நன்றாகத் தெரியும். மூன்றாவதாக ஒரு பெண் பெயரும் இருக்கட்டும் என்று ஸ்கொட்லாந்துக்காரர் சொல்ல, சும்மா கிரேக்கப் பெண்ணின் பெயரைச் சேர்த்தார்கள்.

வீட்டில் கணவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி கேட்டார்.

"உமக்கேன் இந்த வேலை? தலைவருக்குத் தெரிஞ்சா உள்ளதும் போயிடும். தம்பியின்ர அலுவல் என்னாகிறது?"

"பகுதியை மூடினாலும் போயிடும்தானே" என்றேன்.  அதற்கு மேல் சொல்ல எனக்கும் துணிச்சல் இருக்கவில்லை. 

சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் கை கழுவுகிற இடத்திலும் கேட்டேன். ஆரம்பத்தில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. "தலைவரில உங்களுக்குத் திருப்தியோ?" என்று தொடங்கினால் உடனே வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு துருக்கிப் பெண், "கொம்பனி அனுப்பினதோ உன்னை?" என்று கேட்டுவிட்டு எழுந்தே போய்விட்டாள். பிறகு கேள்வியை மாற்றினேன். "மற்றவை ஆருக்குப் போடுவினம் எண்டு நினைக்கிறீங்கள்?" மற்றவர்களைப் பற்றிச் சொல்லப் பயமில்லை. மற்றவர்கள் என்று சொல்லிச் சொல்லி, தங்கள் மனதில் உள்ளதையே சொன்னார்கள்.

இத்தாலியர் என்றால் இத்தாலியர்கள் தலையாட்டினார்கள், மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் என்றால் சிரித்தார்கள். திரும்பத் திரும்ப எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "இந்த மனுசன் கூடாதுதான். ஆனா இவரையும் விட்டா நிர்வாகத்தோட கதைக்க வேற ஆர் இருக்கினம்?" இவ்வளவு பேருக்குப் பிடிக்காத ஒருவர் இவ்வளவு உறுதியாக இருந்தார். அந்த இரண்டு ஆண்களும் தோற்பார்கள் என்று அறிய எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

கிரேக்கப் பெண்ணின் பெயரைச் சொன்னபோது மட்டும் வேறொன்று நடந்தது. பெண்கள் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. என்னைத் திருப்பிக் கேட்டார்கள்: "அவள் நிப்பாளோ?" குரோஷியப் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். என்னைச் சந்தேகப்பட்ட துருக்கிப் பெண்ணும் தானாகத் தேடிவந்து அதைத்தான் கேட்டாள்.

வேலை முடிந்து, மழைக்குள், ஸ்கொட்லாந்துக்காரரின் காருக்குள் நால்வரும் இருந்தோம். நான் சொன்னேன்.

"என்னைப் பற்றி என்ன சொல்லினம்?" என்று அவர் முதலில் கேட்டார்.

"நல்லாக் கதைப்பாராம்."

"அப்ப போடுவினம்?"

"இல்லை."

அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தாலியர் மெல்லச் சிரித்தார். தன் நிலையைக் கேட்டதும் அவரும் நிறுத்திவிட்டார். பின்சீற்றில் என் பக்கத்தில் இருந்த கிரேக்கப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "நீ நிண்டா தலைவரை வெல்லலாம். உறுதியில்லை. ஆனா உன்னாலதான் ஏலும்."

அவள் கையை மடிக்குள் வைத்து இறுக்கினாள். "எனக்கு இங்கிலீசில என்ர பேர் மட்டும்தான் எழுதத் தெரியும்" என்றாள்.  "சரி, நிக்கிறன்" என்றாள் பிறகு. அவளுக்குப் பல்லுக் கிட்டிக்கொண்டிருந்தது. குளிர் என்று சொன்னாள்.

இரண்டொரு நாளில் தலைவர் என் மெசினடிக்கு வந்து, கன்ரீனுக்கு வரச்சொன்னார்.  தம்பியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வெறுமையான கன்ரீனில் அவரே எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்தார்.

"நீ கேட்டுக்கொண்டு திரியிறாயாம்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ கேட்டதில நான் எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டார்.

பயமுறுத்துவார் என்று நினைத்துப் போனவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் பெரிய மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேக்கப் பெண்ணின் பெயரை மறைத்துக்கொண்டு சொன்னேன்:

"நீங்கள் வெல்லுவீங்கள். ஆனா உங்களை விரும்பி ஒருத்தரும் போடமாட்டினம். பயத்தில போடுவினம்."

அவர் மேசையில் இருந்த சீனியை விரலால் ஒதுக்கினார். பிறகு சொன்னார். தையல் பகுதி டிசம்பரில், நத்தாருக்கு முதல் மூடப்படும். எப்போதோ முடிவாகிவிட்டது. அவருக்குத் தெரியும்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் மெசினை நிப்பாட்டுவீங்கள். நிப்பாட்டினா மற்றப் பகுதிகளுக்கும் வேலை போகும். அங்க ஆம்பிளையள், குடும்பக்காரர். எல்லாரையும் காப்பாத்த ஏலாது. நீ ஒருத்தருக்கும் சொல்லாமல் இரு. பொதி கட்டுற பகுதியில உனக்கொரு இடம் பாத்துத் தாறன்."

நிரந்தர வேலை. தம்பிக்கு வேண்டிய அதே சொல். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து நடந்தேன். தையல் பகுதி வாசலில் நின்றபோது அறுபது மெசின்களும் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. கிரேக்கப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ, காலை மெசினில் இருந்து எடுத்துவிட்டாள்.

அவளுடைய காதுக்குள் சொன்னேன். அவள் தன் மொழியில் உரத்துச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அது இத்தாலிய மொழியிலும் துருக்கியிலும் இன்னும் எனக்குத் தெரியாத மொழிகளிலும் வரிசை வரிசையாகப் போனது. மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்குப் பின்வரிசையில் யாரோ ஓவென்று அழத்தொடங்கினார்கள்.

அன்று பின்னேரம் ஒருவரும் தைக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் தொழிற்சாலை வாசலில் நின்றோம். மற்றப் பகுதி ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். களஞ்சியத்து ஸ்கொட்லாந்துக்காரரும் போனார். இத்தாலியர் மட்டும் எங்களோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு உள்ளே போனார். நத்தார் வரை காத்திருக்காமல் நிர்வாகம் அந்தக் கிழமையே பகுதியை மூடியது. வாசலில் நின்றபடியால் வேலையிழப்புக்கான பிரிவுப் பணம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குசினியில் அடுப்படி நிலத்தில் இருந்தேன். கணவர் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பொதி கட்டுற இடத்தை எடுத்திருக்கலாம் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா நீர் எடுத்திருக்கமாட்டீர்" என்றார்.

தேர்தல் அடுத்த வருடத் தொடக்கத்தில் நடந்தது. இத்தாலியர்தான் ரெலிபோன் எடுத்துச் சொன்னார். ஒருவரும் எதிர்த்து நிற்கவில்லை; பழையவரே மறுபடி தலைவர். கிரேக்கப் பெண்ணுக்கு நிற்க உரிமையில்லை. "அவள் நிப்பாளோ?" என்று என்னிடம் கேட்ட பெண்களில் ஒருவருக்கும் வாக்கும் இல்லை. வேலை போனபோது அங்கத்துவமும் போய்விட்டது. ஏதோ ஒரு கடைக்குச் சட்டைக் கழுத்துகளை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறாள் அவள் என்று இத்தாலியர் சொன்னார். நான் இரண்டு தரம் தேடிப் போனேன். இரண்டாம் தரம் வீடு மாறிவிட்டிருந்தார்கள்.

எனக்கு முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை கிடைக்க அந்த வருடத்தின் பாதி போய்விட்டது. நிரந்தர வேலை என்று சொல்லிக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போனபோது அங்கே வேறொரு பெண் இருந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். தம்பி அதற்குள் யாரையோ பிடித்து ஜெர்மனிக்குப் புறப்பட்டிருந்தான்.