நான் கவிழ்த்த இரண்டு ராணிகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒருவரிடமும் கை நீட்டாமல். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேரன் எழுதுகிறான். என் மடியில் ஒரு பிஸ்கெட் டப்பா. அதற்குள் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகிவிட்ட புளியங்கொட்டைகள். நேற்று அவன் செல்போனில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். "பந்தயத்தை எவ்ளோ ஏத்தினாலும் ஒருத்தனும் பயப்பட மாட்டேங்கறான் பாட்டி" என்று சலித்துக்கொண்டான். பரணிலிருந்து டப்பாவை இறக்கச் சொன்னது அதனால்தான்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நாங்கள் குடியிருந்த அடுகோடியில் ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், ஐந்துக்கும் ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். யார் முதலில் பிடிப்பது என்று தினமும் சண்டை. அலுத்துப்போய் நாங்கள் பெண்களே ஒரு வழக்கம் வைத்தோம்: ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு, பந்தயம் புளியங்கொட்டை; ஜோடி சேர்ந்தவளுக்கோ பெரிய சீட்டுக்காரிக்கோ நடுவில் சேர்ந்த குவியல். ஆட்டம் முடியும்போது யாரிடம் கொட்டை அதிகமோ அவளுக்கு அந்த வாரம் முழுவதும் குழாயில் முதல் முறை; குறைந்தவள் கடைசி. மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அப்படி இல்லை. புருஷன் இல்லாத வீடு, கார்மெண்ட்ஸ் வேலை. கடைசிக் குடம் பிடித்துவிட்டு ஓடினால் கம்பெனி கேட்டை மூடியிருப்பார்கள்.

மூணு சீட்டுக்கு நல்ல சீட்டு வேண்டும் என்பதில்லை. கையில் ஒன்றுமே இல்லாமல் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நாலு கொட்டையை நடுவில் தள்ளுவேன். எதிரில் இருப்பவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். நடுவில் கிடப்பதெல்லாம் எனக்கு. இரண்டு வருஷம் முதல் குடம் என்னுடையதாகவே இருந்தது.

பிறகு கடைசி வீட்டுக்கு மேஸ்திரியம்மா வந்தாள். கட்டட மேஸ்திரியின் மனைவி. அவர் மாசக்கணக்கில் வெளியூரில் இருப்பார், பிள்ளைகள் இல்லை. அவள் சீட்டைக் கவிழ்க்கவே மாட்டாள். ஏற்றவும் மாட்டாள். நான் எத்தனை தள்ளுகிறேனோ அத்தனையை வைத்துவிட்டு, "நானும் இருக்கேன்" என்பாள். சீட்டைத் திறந்தால் என்னிடம் ஒன்றும் இருக்காது, அவளிடம் ஒரு சின்ன ஜோடி இருக்கும். மூன்று வாரம் கடைசிக் குடம் எனக்கு. இரண்டு முறை கேட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.

"என்னக்கா, உன் ஜபர்தஸ்து எல்லாம் அவகிட்ட நடக்கலியே? அவ சும்னே, ஒண்ணும் பண்ணாம உக்காந்துக்கிட்டே ஜெயிக்கறா" என்று அதே வரிசையிலிருந்த கண்டக்டர் வீட்டுக்காரி சிரித்தாள். முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தால் மேஸ்திரியம்மா கொடுத்திருப்பாள். கேட்கிற வாய் எனக்கு இல்லை.

காலர் தைத்துக்கொண்டே யோசித்தேன். பயப்படாதவளைப் பயமுறுத்தி என்ன பிரயோஜனம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மாற்றினேன். சீட்டு மோசமா, வெட்கப்படாமல் முதலிலேயே கவிழ்த்தேன். நல்லதாக வந்தால் மட்டும் நாலு, ஆறு என்று ஏற்றினேன். அவள்தான் ஓட மாட்டாளே, அத்தனையும் வைத்தாள். இன்னொன்றையும் மனதில் முடிந்துகொண்டேன்: என்றாவது அவளாக ஏற்றினால் அது நிஜமான சீட்டு, அப்போது நான் ஓடிவிட வேண்டும். முதல் குடம் திரும்பி வந்தது.

ஒருநாள் கேட்டே விட்டேன். "தோக்கற சீட்டுன்னு தெரிஞ்சும் ஏன்டி கவுக்க மாட்டேங்கறே?"

"கவுத்துட்டா மத்தவங்க ஆடறதை சும்மா பாத்துக்கிட்டு உக்காரணும். வீட்ல வாரமெல்லாம் சும்மாதானேக்கா உக்காந்திருக்கேன்" என்றாள்.

"சரி, ஏத்தவாவது ஏத்தேன்."

"ஏத்தினா நீங்கல்லாம் ஓடிடுவீங்களே."

அதைக் கேட்ட பிறகும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து வயிறு என் பின்னால் இருந்தது.

ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர், இன்னொரு நாள் லேட் என்றால் வேலைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். வரிசைக்கே தெரிந்துபோயிற்று. மறுநாள்தான் மேஸ்திரியம்மாவுக்குக் கடைசி ஆட்டம்; திங்கட்கிழமை மதியம் மேஸ்திரி வந்து அவளைக் கூட்டிப்போவதாக இருந்தது. அன்று எனக்குச் சீட்டே வரவில்லை. கொட்டை கரைந்துகொண்டே போயிற்று. கடைசிக் கையில் இரண்டு ராணி வந்தது. மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். நடுவில் பெரிய குவியல். அதை எடுத்தால் முதல் முறை எனக்கு. நாலு கொட்டை தள்ளினேன். மேஸ்திரியம்மா "நானும் இருக்கேன்" என்று சொல்லவில்லை. நான் தொடர வேண்டுமானால் மிச்சமிருந்த அத்தனையையும் வைத்தாக வேண்டும் என்கிற மாதிரி இரண்டு கையாலும் வாரித் தள்ளினாள். அவள் வந்த ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. என் கணக்குப்படி அது நிஜம். கவிழ்த்தேன்.

கண்டக்டர் வீட்டுக்காரி மேஸ்திரியம்மாவின் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். ரெண்டு, அஞ்சு, ஒன்பது. "அடிப்பாவி, ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினாள். மேஸ்திரியம்மா என்னைப் பார்த்து, "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்க்கா" என்றாள். நான் எழுந்து என் வீட்டுக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை குழாயடிக்குப் போனால் என் குடங்கள் நான்கும் நிறைந்து வரிசையாக நின்றன. என் வாசலிலிருந்து எப்போது எடுத்தாளோ தெரியாது. அவள் குடம் இரண்டும் ஓரத்தில் காலியாகக் கிடந்தன.

"இந்த வாரம் முழுக்க என் முறை உங்களுது. நீங்க கேக்க மாட்டீங்க. அதான் ஜெயிக்க வேண்டியதாப்போச்சு" என்றாள்.

இரண்டு ராணி இருந்ததடி, விட்டிருந்தால் நானே ஜெயித்திருப்பேன் என்று வாய் வரைக்கும் வந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அன்று கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.

இப்போது ஹெப்பகோடியில் மகன் வீட்டில் குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர். அவள் எங்கே இருக்கிறாளோ. "ராணி விஷயத்தையும் எழுதட்டுமா பாட்டி?" என்று பேரன் கேட்கிறான். எழுதுடா, இனி யாரிடம் மறைக்க. டப்பாவை மூடிவிட்டேன். எங்கே, முதலிலிருந்து படி. அவள் "நானும் இருக்கேன்" என்று சொல்கிற இடம் வந்தால் கொஞ்சம் மெதுவாகப் படி.