பிளாஸ்டிக்குக்குள் ஒரு பதினேழு வயதுக்காரன்

அந்தக் கடைக்காரன் சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கத் தேவையில்லை.

பிரெஞ்சுக்காரரின் நாட்டில், லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நானும் ஒரு அண்ணையும் வேலை செய்தோம். சொந்த அண்ணை இல்லை. 2009இல் வன்னியில் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர். கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று நின்று அவருக்கு இடுப்பில் நாரிநோ பிடித்துவிட்டது. ஒபர்வில்லியேயில் ஒரு சாமான் கிடங்கில் வான் ஓட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பெர்மி, அதாவது லைசென்ஸ் வேண்டும். ஓட்டப் பழகுவதற்குக் கட்டக் காசில்லை. சம்பளம் வந்த கையோடு ஊருக்குப் போய்விடும்.

அண்ணைக்குப் பந்தாட்டம் தெரியும். பெரிய ஆட்டக்காரரைத் திரும்பியும் பார்க்க மாட்டார். லீவு நாட்களில் பொடியன்கள் விளையாடும் மைதானங்களுக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படிக் கண்டுபிடித்தவன்தான் அந்தப் பதினேழு வயதுக்காரன். பெரிய அணியில் இன்னும் கால் வைக்காதவன். ஆட்டக்காரரின் படங்களைச் சேர்க்கிறவர்கள் விலை கொடுத்து வாங்கும் மட்டைக் காட்டில், அவனுடைய படம் போட்ட ஒன்றைப் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அண்ணை அதில் அவனிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

"இவன் மேல வரட்டும், நாங்கள் சொல்லுறதுதான் விலை. எனக்குப் பெர்மி. நீ விரும்பினதைச் செய்."

"வராட்டில் அண்ணை?"

"வாயைக் கழுவு."

காட்டை என்னிடம்தான் தந்தார். "உன்னை மாதிரிப் பயந்தாங்கொள்ளியிட்ட இருந்தால்தான் பத்திரம்" என்றார். அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஆர்ஜொந்தெயில் நான் இருந்த அறையின் சுவர் குளிருக்கு வியர்க்கும். கூட இருந்தவர்கள் சிகரெட் பிடிப்பார்கள். காட் நனையுமா, எரியுமா, களவு போகுமா என்று யோசித்து முடித்தால், அந்தப் பொடியனின் முழங்கால் உடையுமா என்ற யோசனை தொடங்கும். யாரோ பெற்ற பிள்ளையின் முழங்காலுக்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் ஒரு பத்திரத்தைக் காப்பாற்ற எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்தேன். எங்கள் ஊர் அடையாள அட்டை பிளாஸ்டிக் போட்டுத்தான் வரும். நனைந்து எழுத்தழிந்த அட்டையை ஆமிக்காரனிடம் நீட்டி அடி வாங்கினவர்களை எனக்குத் தெரியும். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு போன் கடையில் கொடுத்து, இரண்டு பக்கமும் சூடாக லமினேற் பண்ணி எடுத்தேன். அடுத்த நாள் அண்ணையிடம் காட்டினேன். நகத்தால் தட்டிப் பார்த்தார். "நல்லம். இனித் தண்ணிக்குள்ள போட்டாலும் பயமில்லை" என்றார். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் மறந்துவிட்டார்.

இரண்டு வருடத்தில் பொடியன் பெரிய அணிக்கு வந்தான். கோல் போட்டான். அதைவிடப் பெரிய அணி ஒன்று அவனை வாங்கியது. நானும் அண்ணையும் லீவு எடுத்து, சேட்டு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, காட் வாங்கி விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரன் கண்ணாடியை மாட்டினான், காட்டைப் பிரட்டினான், சிரித்தான். உள்ளேயிருந்த மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"செ மோர், முசியே."

செத்துவிட்டதாம். சூடு பட்டு ஒட்டினால் அது காட்டே இல்லையாம். வாங்குகிறவன் வெறும் மட்டையின் நான்கு மூலையையும் பார்க்க வேண்டுமாம். இதை எங்கே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்? ஒரு தாள் குறைந்தால் ஆறு மாதம் அலைய விடுகிற நாடு. தாளை மடிக்காதே, நனைக்காதே, தொலைக்காதே என்று எங்களை நடுங்க வைத்த நாடு. இந்த ஒரு மட்டையை மட்டும் நான் காப்பாற்றியது பிழையாகிவிட்டது.

வெளியே வந்ததும் அண்ணை தொடங்கினார். "ஆரைக் கேட்டு உதைச் செய்தனி?"

"நீங்களும் பாத்தனிங்கள்தானே! நல்லம் எண்டனிங்கள்தானே!"

"நான் பங்கருக்குள்ள கிடந்து வந்தவன், எனக்கு உதுகள் என்னடா தெரியும்? வைச்சிருந்தது நீ."

தெருவென்றும் பார்க்காமல் கத்தினோம். ஒரு கிழவி நாயை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போனாள்.

அடுத்த நாள் மத்தியானச் சனம் போன பிறகு, அண்ணை அந்தக் காட்டைப் புட்டுப் பானை ஆவியில் பிடித்தார். மூலை இளகியது. மெல்ல இழுத்தார். பொடியனின் முகம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்தது, கையெழுத்தில் பாதியும்.

"சரி" என்றார். "இனி உனக்குப் பயப்பிட ஒண்டுமில்லை."

குசினியே சிரித்தது. பானை மூடியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். முதலாளி எட்டிப் பார்த்து ஏசினார். அண்ணை திரும்பிப் பார்க்காமல் தொட்டிக்குப் போய்விட்டார்.

கிடங்குக்காரரும் இவ்வளவு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஒருவனை எடுத்துவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் நல்லம் என்றவர்தானே; அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் பெரிய சட்டிகள் வரும்போது அவர் குனியும் முன்னே நான் இழுத்துக் கழுவுகிறேன். "தள்ளடா அங்கால, இது என்ர வேலை" என்கிறார். நான் தள்ளுவதில்லை.