லொறியில் ஏறமாட்டேன்

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த நாட்களில்தான் நான் சைக்கிளில் ஏறினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. வீடு கொழும்பில் வெள்ளவத்தையில், வேலை நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில். பஸ் வந்தால் தொங்கவும் இடமிருக்காது. ஆகவே தடித்த டயர் போட்ட பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி, மரீன் டிரைவ் வழியே மிதிக்கத் தொடங்கினேன். வரிசையில் நின்ற சனம் சும்மா விடுமா? "அக்கா, எங்கட வாகனத்தையும் கட்டி இழுத்துக்கொண்டு போங்கோவன்" என்று ஒருவர் கத்தினார். இப்படிச் சனம் போகிற போக்கில் சொல்லுவதையெல்லாம் மனதில் சேர்த்துவைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், ரோட்டில் கேட்டதுதான் கூட.

பெற்றோல் வந்தது, வரிசைகள் போயின, நான் சைக்கிளை விடவில்லை. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் அறுபது கிலோமீட்டர் ஓடும் மலைச் சைக்கிள் போட்டி ஒன்றுக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர். "வெள்ளவத்தையில எங்க மலை இருக்கு, பழகுறதுக்கு?"

"கொட்டாஞ்சேனையில ஏத்தம் இருக்குத்தானே."

"அதை ஏத்தம் எண்டு அங்க போய்ச் சொல்லிப்போடாதையும், சிரிப்பாங்கள். கடைசியில லொறியிலதான் வந்து இறங்குவீர்."

லொறி என்றால், போட்டியின் கடைசிப் பகுதியில் போட்டியாளர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வருவது. முடியாமல் நிற்கிறவரையும் அவருடைய சைக்கிளையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். இந்தக் கதை எப்படியோ மருந்துக்கடைக்கும் போய்விட்டது. இருமல் மருந்து வாங்க வருகிறவர்கூட, "லொறியில முன்சீற்றா, பின்னாலயா?" என்று கேட்கத் தொடங்கினார். அன்றைக்கே முடிவெடுத்தேன். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, அறுபதையும் என் காலால்தான் முடிப்பேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் கொட்டாஞ்சேனையில் சைக்கிள் திருத்தும் முஸ்லிம் பெரியவரிடம் போனேன். அண்ணனென்று முறை வைத்து 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் நல்ல டயர் என்றால் கல்லுப்போல இருக்க வேண்டும். காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் கட்டி ஓடுகிற ஊர், காற்று குறைந்தால் மரியாதையும் குறைந்துவிடும். நான் டயரை நுள்ளிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அடியுங்கோ, நானா" என்றேன்.

"இதுக்கு மேல அடிச்சா வெடிச்சிடும், தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே அவர் இன்னும் நாலு அடி அடித்தார்.

போட்டியன்று மலையில் அந்தக் கல்லு டயர்தான் என்னைக் கவிழ்த்தது. தார் ரோடு முடிந்து தோட்டத்துச் சரளைப் பாதை தொடங்கியதும் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. மிதிக்க மிதிக்கக் கல் தெறித்ததே தவிர நான் நகரவில்லை. இரண்டு தரம் விழுந்தேன், முழங்கை உரிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போய் மறைந்தார்கள். பிழை என் காலில் என்றே நினைத்தேன். இறங்கித் தள்ளினேன்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏங்க அக்கா, சைக்கிள நீங்க தள்ளுறீங்களா, அது ஒங்கள இழுக்குதா?"

"வழுக்குது, தங்கச்சி. ஏற மாட்டனெண்டுது."

அவள் கூடையோடு இறங்கி வந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கினாள். "இம்புட்டுக் காத்தா? எங்க வூட்டுக்காரரு மழ நேரத்துல மோட்டர்பைக்குக்கே கொஞ்சம் எறக்கிட்டுத்தான் இந்தப் பாதையில வருவாரு. டயரு அமுங்குனாத்தான் மண்ணப் புடிக்கும். இது என்னா, கொழும்புக் காத்தா?"

இரண்டு சில்லிலும் காற்றை இறக்கினேன். நானா பாடுபட்டு அடித்தது உஸ்ஸென்று தேயிலைக்குள் போனது. ஏறி மிதித்தேன், சில்லு மண்ணைக் கவ்வியது. பின்னால் அவள் சிரிப்பது கேட்டது.

ஆனால் போன நேரம் போனதுதான். நாற்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு மணிக்கு முன் கடக்க வேண்டிய தடுப்பு இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி ஒன்பது நிமிடம். மஞ்சள் சட்டை போட்ட அதிகாரி பாதைக்குக் குறுக்கே கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் லொறி, பின்கதவு திறந்தபடி.

"நங்கி, நகின்ன" என்றார் சிங்களத்தில், தங்கச்சி ஏறுங்கோ என்று. என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். ஒன்பது நிமிடம்தானே என்று அதில் கெஞ்சிப் பார்த்தேன். சட்டம் சட்டம்தான் என்றார். அதுவும் நியாயம். சைக்கிளில் கட்டியிருந்த போட்டி இலக்கத் தகட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் சைக்கிளைத் தூக்க வந்தார். நான் விடவில்லை. "இலக்கம் உங்களுடையது, தந்துவிட்டேன். சைக்கிள் என்னுடையது. இந்தப் பாதையில் சனம் போய்வருகிறதுதானே? நானும் சனம்" என்று அவருக்கு விளங்கும்படி சொன்னேன். விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் லொறிச் சாரதியைப் பார்த்தார், சாரதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தார். நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து போனேன்.

மிச்சம் பதினைந்து கிலோமீட்டரும் லொறி எனக்குப் பின்னாலேயே வந்தது. ஏற்றத்தில் மூச்சு முட்டும்போதெல்லாம் அதன் எஞ்சின் உறுமியது. ஒரு இடத்தில் கால் பிடித்துக்கொண்டது. இறங்கி, தொடையைக் குத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் லொறியில் ஏறிவிடுவேன் என்று தெரியும்.

முடிவிடத்தில் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என்னோடு கொழும்பிலிருந்து வந்து அங்கே காத்திருந்த கணவர் எழும்பி வந்தார். முதலில் லொறிக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு என்னை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

லொறியிலேயே வந்திருந்த மஞ்சள் சட்டைக்காரர் இறங்கி ஒரு தாளோடு வந்தார். இடையில் விலகியவர்கள் எல்லாரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டுமாம், ஒருவரும் காட்டுக்குள் தொலைந்துபோகவில்லை என்பதற்கு. என் பெயருக்கு நேரே 'விலகினார்' என்று போட்டிருந்தது. பேனையை வாங்கி அந்தச் சொல்லைக் குறுக்கே வெட்டினேன். பக்கத்தில் தமிழில் எழுதினேன்: 'அறுபதும் ஓடி வந்து சேர்ந்தேன். நேரம் மூன்று நாற்பது.' கீழே கையெழுத்து வைத்தேன்.

இது கணக்கில் வராது என்றார் அவர்.

"வராட்டிப் பரவாயில்லை" என்றேன். "எழுதினதை வெட்டாதேங்கோ."