கடலடிக் கிணறும் கோத்தகிரி இடியும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். கடலுக்கடியில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி எழுத வந்ததற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிணறுகள் கொஞ்ச நாள் முன்பு எங்கள் வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

என் கணவர் ஆந்திரக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். ஒரு மாதம் கடல், ஒரு மாதம் கோத்தகிரி. கல்யாண வாழ்க்கையில் பாதி இப்படியே போனது. இப்போது ஆள் இறங்க முடியாத ஆழத்தில், கிணற்றின் வாயிலேயே கருவி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள அழுத்தமும் சூடும் கம்ப்யூட்டரில் கோடுகளாக ஓடுகின்றன. கோடு பிசகினால் சென்னை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வால்வை அவர்கள் அங்கிருந்தே மூடுவார்கள். இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்து பார்க்கச் சொன்னார்கள். சரிப்பட்டு வந்தால் இனிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை.

மப்ளரைச் சுற்றிக்கொண்டு அவர் திரைமுன் உட்காருவார். பக்கத்தில் நான் பட்டாணி உரிப்பேன். கோடுகள் ஆடாமல் ஓடும்.

"கடலு இத்தன அமைதியாவாங்க இருக்கும்?"

"அலையெல்லாம் மேலதான் புள்ள."

ஒரு மத்தியானம் இடி இடித்தது. எங்கள் மலையில் இடிச் சத்தம் கேட்டால் கை தானாகப் பிளக்குகளைப் பிடுங்கப் போகும். நான் ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். அவர் டிவியைப் பிடுங்கினார். அப்படியே இன்டர்நெட் பெட்டியையும் பிடுங்கிவிட்டு வந்து காப்பி கேட்டார்.

"ஏனுங்க, கெணறு?" என்றேன்.

அதற்குள் போன் அடித்தது. மேலதிகாரி.

"என்ன சார், ஆளையே காணோம்?"

இவருக்குப் பொய் வராது. "இடி இடிச்சுதுங்க சார். புடுங்கிப் போட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்ங்க."

அந்தப் பக்கம் பலர் சிரிப்பது கேட்டது. "புயல்ல மேடையில நின்ன ஆளு, வீட்ல இடிக்குப் பயந்துட்டீங்களா?"

"அங்க புடுங்கறதுக்கு பிளக்கு இல்லீங்களே சார்."

சென்னையிலும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருந்ததால் கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஆனால், "உங்க ஊர் மழைக்கு இது சரிப்படுமான்னு மேல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். காப்பி ஆறிப்போனது. பெட்டியை மறுபடி மாட்டி, இருவரும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் மேலதிகாரி மறுபடி அழைத்தார். "பேட்டரியும் இடிதாங்கியும் போட்டுத் தர்றோம். வேலை உங்களுக்குத்தான். ஒயர்ல மட்டும் கை வைக்காதீங்க சார்."

"வெக்க மாட்டேனுங்க," என்றார். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

மறுநாள் குன்னூரிலிருந்து இரண்டு பேர் வந்து இரண்டையும் பொருத்திவிட்டு, சாப்பிட்டுப் போனார்கள். அன்றைக்கு மழையும் இல்லை, இடியும் இல்லை.